வாசகர் கேள்வி – பதில்: பழைய வயல்வீடும் ஊரின் வேளாண்மை மரபும்

பயன்பாடற்றுப் போன வயல்வீட்டையும் அதனைச் சார்ந்த நிலத்தையும் திருத்தி ஊருக்குப் பொதுவான வேளாண்மை மரபு நிலையமாக்குவது பற்றித் திருகோணமலை மாவட்ட வாசகர்களிடமிருந்து பல கடிதங்கள் வந்துள்ளன. ஒன்றோடொன்று தொடர்புடையவையாக இருப்பதால் அவற்றைச் சுருக்கி இவ்விதழில் ஒருங்கே தருகிறோம்.

கேள்வி: தம்பலகாமத்தில் எங்கள் பாட்டனார் கட்டிய வயல்வீடு, நெற்பட்டறை (நெற்களஞ்சியம்), துலாக்கிணறு, களவெட்டி (சூடடிக்கும் களம்), நான்கு ஏக்கர் வயல் ஆகியன உள்ளன. 1990இல் இடம்பெயர்ந்த பிறகு வீட்டில் எவரும் நிலையாக இருக்கவில்லை. வயலை மட்டும் அயலவர் ஒருவர் நெடுங்காலமாகக் குத்தகைக்குச் செய்துவருகிறார். சகோதரர்களுள் மூவர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். இவ்விடத்தை ஊருக்குரிய மரபு நிலையமாக்க எல்லோரும் வாய்மொழியாக உடன்பட்டுள்ளோம். மழைக்கு முன் கூரையைத் திருத்திவிட்டு மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா? (ஒரு வாசகர், தம்பலகாமம்)

பதில்: மழைக்கு முன் கூரையின் மேல் நல்ல தறப்பாள் ஒன்றை இழுத்துக் கட்டுங்கள், இப்போதைக்கு அது போதும். கூரைத் திருத்தத்துக்குப் பணம் செலவிடுமுன் காணி உறுதியைக் கையில் எடுக்க வேண்டும். திருத்திய வீட்டின் பெறுமதி கூடியவுடன், அதுவரை அந்தக் காணியை நினைத்தும் பார்த்திராத பங்காளிகளுக்கு ஊர்ப்பற்று வந்துவிடுவது நம் மாவட்டத்துக்குப் புதிதன்று. உறுதி இன்னமும் பாட்டனார் பெயரிலேயே இருக்குமாயின், தாங்களும் சகோதரர்களும் தந்தையாருடன் பிறந்தோரின் மக்களும் பிரிக்கப்படாத பங்குகளுக்கு உரித்தாளர்களாக இருக்கக்கூடும். அவர்களுள் ஒருவர் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தின்கீழ் மாவட்ட நீதிமன்றத்துக்குச் சென்றாலும், முழுக் காணியும் பங்கிடப்படவோ விற்கப்படவோ வழி உண்டு. ஆகவே காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்வித்து, வெளிநாட்டிலுள்ளோரிடமிருந்து அவ்வந்நாட்டு இலங்கைத் தூதரகத்தின் வழியாக அத்தாட்சிப்படுத்திய அற்றோணித் தத்துவத்தை (தமக்காகச் செயற்பட ஒருவருக்கு அளிக்கும் அதிகாரப் பத்திரத்தை)ப் பெற்று, வாய்மொழி உடன்பாட்டை நொத்தாரிசின் எழுத்தாக்குங்கள். காணியின் ஒரு துண்டு 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கிடைத்த பெர்மிட் காணியாக (அனுமதிப்பத்திரத்தில் வழங்கிய அரச காணியாக) இருந்தால், பிரதேச செயலாளரின் சம்மதமின்றி அத்துண்டைக் கைமாற்ற முடியாது என்பதையும் மனத்திற் கொள்ளுங்கள்.

காணியை ஊருக்கு நன்கொடையாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று உணர்ச்சிவசப்பட்டவர்கள் சொல்வார்கள். நான் அதற்கு உடன்படமாட்டேன். புதிதாகத் தொடங்கும் சங்கம் ஒன்று ஐந்தாறு ஆண்டுகளில் இரண்டாகப் பிரிவதும், கூட்டம் கூட ஆளில்லாமல் உறங்கிப்போவதும் நாம் காணாதவை அல்ல. உரிமை குடும்பத்திடமோ, 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டத்தின்படி அமைக்கும் பொறுப்பாளர் குழுவிடமோ இருக்க, நிலையத்தை நடத்தும் சங்கத்துக்குப் பதிவு செய்யப்பட்ட நீண்டகாலக் குத்தகை கொடுப்பதே பாதுகாப்பானது. எந்தச் சூழ்நிலையில் காணி திரும்பும், வயலின் விளைச்சலில் யாருக்கு என்ன பங்கு, வீட்டை எவற்றுக்குப் பயன்படுத்தக்கூடாது என்ற மூன்றும் குத்தகை உறுதியிலேயே இருக்கட்டும்.

இனி, தங்கள் கடிதத்தில் ஒரு வரியில் கடந்து சென்ற அயலவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கமநல சேவை நிலையத்தின் விவசாயக் காணிப் பதிவேட்டில் குத்தகை விவசாயியாகப் பதிவு பெற்றவராயின், மரபு நிலையம் வருகிறது என்ற காரணத்துக்காக அவரை வெளியேற்ற 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் இடந்தராது. பதிவு இல்லாவிட்டாலும் வெளியேற்றக்கூடாது என்பேன். எந்த வக்கடையை (வரம்பிலுள்ள நீர்வாயை) எப்போது திறந்தால் எந்த மூலைக்கு நீர் ஏறும், எந்த வரம்பில் நண்டு துளைக்கும், வயலின் எந்தப் பகுதியில் மண் உவர் கண்டிருக்கிறது என்பதெல்லாம் இன்று அவருக்குத்தான் தெரியும். தங்களுக்கோ எனக்கோ தெரியாது. சங்கத்தின் முதல் உறுப்பினராக அவரைச் சேருங்கள். கந்தளாய்க் குளத்து நீரில் விளையும் வயல் என்றால் நீர் விடும் நாளையும் விதைக்கும் காலத்தையும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டமே தீர்மானிக்கிறது; அந்தக் கூட்டத்தில் நிலையத்தின் குரலாகப் பேசத் தகுந்தவரும் அவரே. ஒரு மரபு நிலையத்தின் உயிர் வீட்டில் இருப்பதைவிட வயலில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஆண்டுதோறும் விதைப்பும் அருவி வெட்டும் (அறுவடையும்) சூடு மிதிப்பும் (கதிரை மிதித்து நெல் பிரித்தலும்) நடக்கும் இடத்துக்கு மக்கள் வருவார்கள், வருவதால் கூரையும் காக்கப்படும். வயலைத் தரிசாக விட்டுவிட்டு வீட்டை மட்டும் அழகாக்கினால், திறப்புவிழாவுக்குப் பின் திறப்புக் கோர்வையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கேள்வி: எங்கள் சங்கம் பொறுப்பேற்றுள்ள பழைய வீடு கடலிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. சுவரின் அடிப்பாகம் உதிர்ந்தபடியால் சீமெந்து பூசினோம். ஓராண்டுக்குள் பூச்சு கிளம்பி, வெள்ளைத் தூளாக உப்புப் பூத்துவிட்டது. கரையோரக் காற்றில் பழைய சுவரைக் காப்பாற்றவே முடியாதா? (ஒரு வாசகர், உப்புவெளி)

பதில்: கடற்காற்றின்மேல் முழுப் பழியையும் போட வேண்டாம். பழைய சுவர் மண்ணாலோ, சுண்ணாம்புச் சாந்திட்ட கல்லாலோ ஆனது. நிலத்தடி ஈரத்தை உறிஞ்சி, வெயில் வந்ததும் தன் முகப்பின் வழியாகவே உலர விடுவது அதன் இயல்பு. சீமெந்துப் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் பூச்சின் பின்னால் மேலேறி, கரைத்துக் கொண்டுவந்த உப்பைப் பூச்சுக்கும் சுவருக்கும் இடையே விட்டுச் செல்கிறது. உப்பு பளிங்காகத் திரளும்போது பூச்சைத் தள்ளுகிறது. விரற் கணுவால் சுவரைத் தட்டிக்கொண்டே போங்கள். தொப்பென்ற வெற்றொலி கேட்கும் இடமெல்லாம் பூச்சு சுவரை விட்டுவிட்டது என்று பொருள். அந்தப் பகுதியைச் சிற்றுளியால் மெதுவாக எடுத்துவிட்டு, ஒரு கோடை முழுவதும் சுவரை வெறுமையாக உலர விட்டு, பூத்த உப்பை நீரூற்றிக் கழுவாமல் உலர்ந்த தூரிகையால் துடைத்து வாருங்கள். அதன் பின் நீற்றிய சுண்ணாம்பும் உப்பற்ற ஆற்றுமணலும் சேர்ந்த சாந்தை மெல்லிய படைகளாகப் பூசலாம். ஒவ்வொரு படையும் ஆறுவதற்குக் காலம் கொடுக்க வேண்டும். அவசரக்காரருக்குச் சுண்ணாம்பு ஒத்துவராது. பூச்சுக்கு மேல் எமல்ஷன் அடித்தால் மறுபடியும் பழைய கதைதான், வெள்ளையடிப்பே போதும்.

சுண்ணாம்புக்காக முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறையை, தேடிப் போகாதீர்கள். நம் பாட்டன்மார் கரையோரத்தில் முருகைக்கல்லைச் சூளையிட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள் என்பது உண்மையே. ஆனால் முருகைக்கல் அகழ்வது கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று குற்றமாகும்; மரபைக் காக்கும் பெயரில் கடலடி மரபை அழிப்பதும் முறையன்று. உள்நாட்டுச் சுண்ணக்கல்லிலிருந்து கிடைக்கும் சுண்ணாம்பு எல்லாத் தேவைக்கும் போதும்.

மரவேலையில் ஒரு சொல். முதிரையும் பாலையும் வைரமேறிய பனையும் எளிதில் கெடுபவை அல்ல. கெடுவது பெரும்பாலும் சுவருக்குள் புதைந்திருக்கும் நுனியே. கூரிய ஆணியொன்றை நுனியில் அழுத்திப் பாருங்கள். சோற்றில் இறங்குவதுபோல் இறங்கினால் அந்த நுனியை மட்டும் வெட்டி, அதே இன மரத்துண்டைப் பொருத்தி இணைக்கத் தெரிந்த தச்சர் இன்னும் இருக்கிறார். முழுக் கைமரத்தையும் (கூரையின் சாய்வு மரத்தையும்) கழற்றி இரும்புக் குழாய் போடச் சொல்பவரை அனுப்பிவிடுங்கள். புதிதாகப் பனை தறிக்க அனுமதி பெற வேண்டும் என்பதால், இடித்த வீடுகளின் பழைய மரத்தை விலைக்கு வாங்குவது இலகுவானது. 1964 டிசம்பரில் இக்கரையைத் தாக்கிய சூறாவளியை முதியவர்கள் இன்னும் பேசுவார்கள். அத்தகைய காற்று மீண்டும் வராது என்று எவராலும் சொல்ல முடியாது. ஆகவே கூரையின் வளையும் (உத்தரமும்) கைமரமும் சந்திக்கும் இடங்களைக் கண்ணுக்குத் தெரியாத இரும்புப் பட்டையால் பிணைத்துவிடுவதை மரபுக்கு மாறான செயலாகக் கருத வேண்டியதில்லை.

கேள்வி: இப்படியான இடத்தை மரபு நிலையம் என்று அறிவித்தால் தொல்பொருள் திணைக்களத்தின் கட்டுப்பாட்டுக்குள் போய்விடும் என்று ஊரில் அஞ்சுகிறார்கள். உண்மையா? (ஒரு வாசகி, குச்சவெளி)

பதில்: தாங்கள் வைக்கும் பெயர்ப்பலகை எதையும் மாற்றாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் தேதிக்கு முற்பட்ட கட்டடங்களையும் பொருள்களையுமே பொதுவாகத் தன் எல்லைக்குள் கொள்கிறது. அதற்குப் பிற்பட்ட நினைவுச்சின்னத்தைப் பாதுகாக்க வேண்டுமாயின் வர்த்தமானியில் தனியாக அறிவிக்க வேண்டும். 20ஆம் நூற்றாண்டில் கட்டிய வயல்வீடு தானாக அதற்குள் வராது. அதே வேளை, கிணறு தூர்வாரும்போதோ அத்திவாரம் தோண்டும்போதோ பழைய ஓட்டுத்துண்டு, எழுத்துப் பொறித்த கல், நாணயம் போன்றவை வெளிப்பட்டால், வேலையை நிறுத்திக் கிராம உத்தியோகத்தருக்கு எழுத்தில் அறிவிப்பது சட்டக் கடமை. மறைத்துவைத்தவர்களுக்கே பின்னர் தொல்லை வந்திருக்கிறது. அச்சம் தீர வேண்டுமானால், வீடு எக்காலத்தது என்பதைக் காட்டும் உறுதி, பழைய நில அளவைப் படம், ஒளிப்படம் ஆகியவற்றின் பிரதிகளை ஒரு கோப்பில் இப்போதே சேர்த்துவையுங்கள்.

கேள்வி: நிலையத்தின் வயலில் பாரம்பரிய நெல்லினங்களை மட்டும் விதைக்க எண்ணுகிறோம். விதை எங்கே பெறலாம்? பக்கத்து வயல்களில் பீஜீ எனப்படும் புதிய நெல்லினங்கள் விளைவதால் கலப்பு ஏற்படாதா? (ஒரு வாசகர், தம்பலகாமம்)

பதில்: முதலில் ஊரிலேயே கேளுங்கள். பச்சைப்பெருமாள், மொட்டைக்கறுப்பன், பெரியவெள்ளை, சீனட்டி ஆகிய பெயர்களைச் சொன்னால், எங்கோ ஒரு வீட்டில் கஞ்சிக்காகவோ கோயில் பொங்கலுக்காகவோ கால் ஏக்கர் விதைப்பவர் இருப்பார். கிடைக்காதவற்றுக்கு, பேராதனைக்கு அருகில் கண்ணொறுவையில் 1988 முதல் இயங்கும் தாவர மரபுவள நிலையம் இருக்கிறது. உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியர் மூலமாக எழுதிக் கேளுங்கள். கிடைப்பது கைப்பிடி அளவாகவே இருக்கும். அதை இரண்டு மூன்று போகம் சிறு பாத்தியில் பெருக்கிய பிறகே வயலுக்குக் கொண்டுவர முடியும்.

கலப்பைப் பற்றிய கவலை பொதுவாகத் தவறான திசையில் இருக்கிறது. நெல் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும் பயிர். விதை நெல்லுக்கு மூன்று மீற்றர் இடைவெளி போதும் என்பதே நடைமுறை விதி. உண்மையான கலப்பு சென்ற போகத்தில் உதிர்ந்து முளைக்கும் நெல்லிலிருந்தும், துப்புரவாக்காத அறுவடை இயந்திரத்திலிருந்தும், உதறாத சாக்கிலிருந்தும் வருகிறது. ஆகையால் விதைக்கு வைக்கும் பாத்தியைத் தாக்கத்தியால் அறுத்து, தனிப் பாயில் அடித்து, ஈரப்பதன் 13 சதவீதத்துக்கு மேற்படாமல் உலர்த்திப் பட்டறையில் வையுங்கள். கதிர் வெளிவரும் பருவத்தில் உயரத்தாலும் உமியின் நிறத்தாலும் வேறுபட்டு நிற்கும் தாளை வேரோடு பிடுங்கிவிடுவது, கலப்பைத் தடுக்கும் வேலைகளுள் மிகவும் பயன் தருவது. பாரம்பரிய இனங்கள் உயரமானவை; அயல் வயலுக்குப் போடும் அளவு யூரியாவை இவற்றுக்கும் போட்டால் பால் பிடிக்குமுன் சாய்ந்து படுத்துவிடும்.

ஒரு வரம்புக்கு அப்பால் புதிய இனங்களையும் விதைத்துக் காட்டுங்கள் என்பது என் வேண்டுகோள். 1950களின் பிற்பகுதியில் இலங்கையின் நெல் விளைச்சலை உயர்த்திய எச்-4 இனம், நம் முருங்கைக்காயனை இந்தோனேசிய மாஸ் இனத்தோடு கலந்து பெற்றது. பழைய நெல்லும் புதிய நெல்லும் பகையாளிகள் அல்ல என்பதை இரு பாத்திகளை அருகருகே வைத்தே விளக்கிவிடலாம்.

கேள்வி: எங்கள் பாடசாலை மாணவரை இத்தகைய நிலையத்துக்கு அழைத்துச் சென்றால் அங்கே அவர்கள் செய்வதற்கு என்ன இருக்கும்? பழைய பொருள்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவது பயன் தருமா? (ஓர் ஆசிரியை, கிண்ணியா)

பதில்: கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ள நுகத்தைப் பார்ப்பதில் பிள்ளைகளுக்குப் பெரும் பயன் இல்லை. வயலின் நாட்காட்டியோடு பாடசாலை நாட்காட்டியைப் பொருத்துங்கள். பெரும்போகம் ஒக்டோபரில் தொடங்குவதால் உழவையும் வீச்சு விதைப்பையும் ஆண்டின் இறுதியில் பார்க்கலாம். மாசி, பங்குனியில் வரும் அருவி வெட்டு அடுத்த வகுப்பின் தொடக்கத்தில் வரும். தாம் வீசிய விதையைத் தாமே அறுக்க வருவதற்கு ஒரு வகுப்பு ஏறியிருப்பார்கள் என்பது ஒருவகையில் நல்லதே. கணக்குப் பாடத்தையும் அங்கேயே நடத்தலாம்: ஒரு புசல் நெல் 20.86 கிலோகிராம் என்றும், ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ இரண்டு புசல் வீசுவார்கள் என்றும் சொல்லிவிட்டு, கடகத்தையும் தராசையும் கொடுத்து நான்கு ஏக்கருக்கு அளக்கச் சொல்லுங்கள். அவுரியில் (நெல் தூற்றும் உயர்ந்த முக்காலியில்) ஒருவர் ஏறி நின்று காற்றுவாக்கில் சுளகைச் சரிக்க, நெல் நேரே விழுந்து பதர் விலகிப் போவதைக் கண்ட பிள்ளைக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

உயர்வகுப்பு மாணவர்கள் முதியோரின் சொல்லைப் பதிவு செய்யட்டும். வட்டவிதானையார் (வயல் நீருக்குப் பொறுப்பானவர்) நீரைப் பங்கிட்ட முறை, காவற்பரணில் யானைக்கு விழித்திருந்த இரவுகள், களவெட்டியில் பாடிய பொலிப்பாட்டு, தைப்பூசத்தில் புதிர் (முதற்கதிர்) எடுத்த விதம், 1986 ஏப்ரல் 20ஆம் தேதி அதிகாலையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தபோது எங்கே ஓடினார்கள் என்பன கேட்கத்தக்கவை. விதையைக் காத்தும் களை பிடுங்கியும் கதிர் பொறுக்கியும் உழைத்த பெண்களிடம் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். ஆண்கள் அருகிலிருந்தால் அவர்களே பதில் சொல்லிவிடுவார்கள். இம்மாவட்டத்து வயல்களில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் உழைத்திருக்கிறார்கள். மூதூர் கிழக்கிலும் வெருகல் பக்கத்திலும் வேடர் வழிவந்தோரின் சேனைப் பயிர்ச்செய்கை (காடு வெட்டி எரித்துப் பயிரிடும்) மரபும் உண்டு. பெயர்ப்பலகைகளிலும் பதிவுகளிலும் அவர்கள் எல்லோரும் இடம்பெற வேண்டும்.

கேள்வி: சுற்றுலாத் தொழிலில் உள்ள ஒருவர் திருத்தச் செலவைத் தாம் ஏற்பதாகவும், வீட்டின் அறைகளைக் குளியலறையோடு கூடிய விருந்தினர் அறைகளாக்க வேண்டும் என்றும் கேட்கிறார். ஏற்கலாமா? (ஒரு வாசகர், நிலாவெளி)

பதில்: பணத்தை ஏற்கலாம், அறைகளைக் கொடுக்க வேண்டாம். மண்ணும் சுண்ணாம்பும் கொண்ட சுவருக்குள் தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் பதித்தால், உப்புவெளி வாசகருக்குச் சொன்ன ஈரத்தை நாமே விலை கொடுத்து வாங்கியவர்களாவோம். மேட்டுநிலத்தில் எளிய கொட்டில்களைக் கட்டிக்கொள்ளட்டும். வயல்நிலத்தை நிரப்பிக் கட்ட அவர் முயன்றால், கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து அனுமதியின்றி அது கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பக்கத்தில் பழைய வீடு எதுவும் எஞ்சவில்லை. சிறு குளம் ஒன்றும், வாடி (வயற்குடிசை) இருந்த மேடும், களவெட்டியும் மட்டுமே உள்ளன. இதை வைத்து மரபு நிலையம் அமைக்க முடியுமா? (ஒரு வாசகர், மூதூர்)

பதில்: தாராளமாக முடியும்; ஒருவகையில் தங்களுக்கு வேலை குறைவு. இலங்கையின் வறண்ட வலயத்துக் குளத்தொடர்க் கிராம முறையை 2017இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் உலக வேளாண் மரபு முறைகளுள் ஒன்றாக ஏற்றபோது, அது மதித்தது தனியொரு கட்டடத்தையன்று. குளம், கட்டு, வயல், மேய்ச்சல்தரை, காடு எல்லாம் சேர்ந்த ஒழுங்கையே. அலைகரையிலிருந்து (குளத்தின் நீர்விளிம்பிலிருந்து) தொடங்கி, குளக்கட்டு, வான் (மிகைநீர் வழியும் இடம்), துருசு (மதகு), வாய்க்கால், வயல், களவெட்டி என்று நடந்து முடிக்கும் ஒரு பாதையை அமைத்து, வாடி இருந்த மேட்டில் கிடுகு வேய்ந்த கொட்டில் ஒன்றைப் போட்டால் நிலையம் தயார். 80 ஹெக்டேயருக்கு உட்பட்ட வயலுக்கு நீர் பாய்ச்சும் குளமானால் அது கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் வரும். அத்திணைக்களத்தையும் கமக்காரர் அமைப்பையும் கேளாமல் கட்டில் மண்வெட்டி வைக்க வேண்டாம். நிழலுக்கு என்று கட்டின்மேல் மரம் நடுவதையும் தவிருங்கள். வேர் இறங்கிய வழியே பின்னர் நீர் கசியும்.

கொட்டியாரக் குடாவில் 1660இல் பிடிபட்ட ஆங்கிலேயர் றொபேர்ட் நொக்ஸின் கதையையும் சேர்க்கலாமா என்று தாங்கள் கேட்டிருந்தீர்கள். சேர்க்கலாம். ஆனால் 1681இல் வெளியான அவருடைய நூலில் உழவும் சூடு மிதிப்பும் பற்றி வருபவை, அவர் கைதியாக வாழ்ந்த மலைநாட்டில் கண்டவை. அவற்றை மூதூர் வயலின் வரலாறாக எழுதிவிடக்கூடாது.

கேள்வி: ஓடாமற் கிடக்கும் எங்கள் பழைய லான்ட்மாஸ்டரை (இரு சக்கர உழவு இயந்திரத்தை) மரபு நிலையத்துக்குக் கொடுத்தால் ஏற்பார்களா? அது மரபுக்குள் அடங்குமா? (ஒரு வாசகர், முள்ளிப்பொத்தானை)

பதில்: எருமை மிதித்த களவெட்டியில் அடுத்ததாக ஏறியது உழவு இயந்திரமே; அது இல்லாவிட்டால் கதையில் ஒரு தலைமுறை விடுபட்டுப்போகும். கட்டாயம் கொடுங்கள். கொடுக்கும்போது நன்கொடையா இரவலா என்பதை ஒரு தாளில் எழுதி, வாங்கிய ஆண்டையும் உழுத வயல்களின் பெயரையும் குறித்து, இரு தரப்பும் ஒப்பமிட்டு ஒவ்வொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்த் தாங்கியில் மிஞ்சியிருக்கும் டீசலை வடித்துவிட்டு, துருவைச் சுரண்டாமல், புதுப் பெயின்ற் அடிக்காமல், அப்படியே அனுப்புங்கள்.